எட்டு இடத்தில் ஒரே பதில்

என்னோடு வேலை பார்த்த அக்காவிடம் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு இருந்தது. கணினியில் நேராக எழுத அவருக்கு வராது. தியாகதுருகத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே மடியில் நோட்டை விரித்துப் பாதிக் கட்டுரையை முடித்துவிடுவார். பஸ் குலுங்கிய இடத்திலெல்லாம் எழுத்து கோணிக்கொண்டு போயிருக்கும். "இங்க பாரு பாப்பா, இது ஏரிக்கர வளைவு" என்று காட்டிச் சிரிப்பார். கள்ளக்குறிச்சியில் ஒரு உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்றாலும், அந்த வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கள் இருவருக்குமே விளக்கத் தெரியாது. முதலாளிக்கு ஓர் இணையதளம் இருந்தது. நெட்டில் யார் எதைத் தேடினாலும் அதுதான் முதலில் வந்து நிற்க வேண்டும். அதற்காகத் தமிழில் கட்டுரை எழுதிக் குவித்தோம். தேடும் சொல் முதல் பத்தியிலேயே வர வேண்டும், துணைத் தலைப்புகளிலும் வர வேண்டும், படிப்பவர் பாதியில் ஓடிவிடக் கூடாது. உண்மையாக இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அக்காவுக்குச் சமையலும் கோலமும். எனக்கு வீட்டு வைத்தியம். நான் படித்தது பி.காம்.

என் வைத்தியக் கட்டுரைகளுக்கு இன்னொரு பயனும் இருந்தது. முதலாளி அவற்றை வெளியூர் ஆட்களிடம் கொடுத்து வேறு வேறு விதமாக மாற்றி எழுத வைப்பார். வேறு வேறு பெயருள்ள சின்னத் தளங்களில் அவை வரும். ஒவ்வொன்றிலும் எங்கள் தளத்துக்கு ஓர் இணைப்பு இருக்கும். பலர் நம்மைக் கைகாட்டினால்தான் தேடலில் மேலே ஏற முடியும். அந்தப் பலரும் நாங்களேதான். இணைப்புகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு என்பதால் எனக்கு இது தெரியும். அக்காவுக்குத் தெரியாது. நான் மறைக்கவில்லை, அந்தப் பேச்சே எழவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் ஆறாத புண்ணைப் பற்றி எழுதினேன். மஞ்சள், வேப்பிலை எல்லாம் எழுதியும் நீளம் போதவில்லை. பத்து நாள் வரை பொறுத்துப் பார்க்கலாம், பயப்படத் தேவையில்லை என்று ஒரு பத்தி சேர்த்தேன். அந்தப் பத்து நாள் கணக்கை எங்கிருந்து எடுத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எங்கிருந்தும் எடுக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு அக்காவோடு டீ குடிக்கப் போனேன்.

அக்காவின் கணவர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். சர்க்கரை வியாதிக்காரர். அடுத்த வருஷம், வெட்டிய கரும்பின் கட்டை அவர் காலில் குத்திவிட்டது. ஆலை ஓடுகிற பருவம், வண்டியை விட்டு இறங்க அவருக்கு மனமில்லை. அக்கா லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஃபோனில் விசாரித்தபோது, "கம்மியாய்க்கினுதான் இருக்கு" என்றார். நானும் நிம்மதியாக வைத்துவிட்டேன். பதினோராம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காலை எடுத்தாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துபோனது.

கல்லறையில் அடக்கம் செய்த மூன்றாம் நாள் அக்காவைப் பார்க்கப் போனேன். சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த குரலில், நான் கேட்காமலேயே சொன்னார்.

"நான் ஒண்ணும் ஏமாந்தவ இல்ல பாப்பா. நம்ம சைட்டத் தொடவே இல்ல. நம்ம எழுதற லட்சணம்தான் தெரியுமே. வேற எட்டு எடத்துல போயி பாத்தேன். எட்டும் பத்து நாளுன்னுதான் சொல்லுச்சி. இத்தினி பேரு இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போறாங்கன்னு இருந்துட்டேன்."

அந்த எட்டு பேரும் நான்தான். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். உனுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருப்ப."

நான் வாயை மூடிக்கொண்டேன். கோழை என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் கிடையாது.

அந்த வேலையை விட்டுவிட்டேன். விடும்முன் முதலாளியிடம் சண்டை போட்டு எங்கள் தளத்திலிருந்து கட்டுரையை எடுக்க வைத்தேன். சின்னத் தளங்களில் வந்தவற்றை அதற்குள் யார் யாரோ நகலெடுத்துப் போட்டிருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது? இன்றைக்கும் தேடினால் அந்தப் பத்து நாள் வருகிறது. எந்த ஊரிலோ ஒருத்தி அதைப் படித்துவிட்டு ஆறாம் நாளையோ ஏழாம் நாளையோ தள்ளிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

அக்கா இப்போது எலவனாசூர்கோட்டையில் அண்ணன் வீட்டில் மகளோடு இருக்கிறார். நெட்டைத் திறப்பதே இல்லை. தலைவலி என்றாலும் எனக்குத்தான் ஃபோன். போன வாரம் மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று கூப்பிட்டார். உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். போய்விட்டு வந்து மறுபடியும் கூப்பிட்டார்.

"ஊசி போட்டாங்க, இப்ப தேவல. நீ சொன்னா கரெக்டா இருக்கும் பாப்பா. அதான் உன்ன மட்டும் கேக்கறது."

சரிங்கக்கா என்றேன்.