கோடிச் சேலையும் எடுக்காத மோட்டாரும்

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கலந்து நனைந்த கயிற்றின் வாடை எங்கே மூக்கில் பட்டாலும் என் மடி கனக்கத் தொடங்கிவிடும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும், அதற்குள் மடிப்புக் கலையாத ஒரு கோடிச் சேலையும் இருப்பதாகவே இன்றைக்கும் தோன்றும். தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெரு எங்களுடையது. அப்பாவிடம் ஒரு பைபர் வள்ளம் இருந்தது. அதன் பின்னால் தொங்கிய மோட்டாரை அவர் "மாப்பிள்ளை" என்றுதான் சொல்லுவார். உபசாரம் கொஞ்சம் குறைந்தாலும் முறுக்கிக்கொள்ளுமாம்.

பெட்ரோலில் மோட்டாரை எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற காலம் அது. நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலுக்குத் திருப்பிச் சற்று ஓடவிட வேண்டும். மறந்துபோய் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால், உள்ளே தங்கியது ஆறிப்போய், தோள்பட்டை கழன்று விழும்வரை கயிற்றை இழுத்தாலும் "மாப்பிள்ளை" எழுந்திருக்க மாட்டார். எங்கள் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஓர் அடைமழையின் முடிவில், புன்னைக்காயலில் வாழ்க்கைப்பட்டிருந்த பெரியம்மா இறந்த செய்தி, மாதா கோயில் சாமியார் வீட்டுத் தொலைபேசிக்கு வந்தது. அம்மாவுக்கு ஒரே அக்கா. தாயில்லாத வீட்டில் அம்மாவுக்குத் தலைசீவி, சோறூட்டி வளர்த்தவர். பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் ஒரு பெண்ணை அடக்கம் செய்தால், அவள் நாதியில்லாமல் போனாள் என்று ஆகிவிடும். அதைப் போர்த்த அம்மாவை விட்டால் வேறு ஆளில்லை. தாமிரபரணி வெள்ளத்தில் ரோடு முங்கிக் கிடந்ததால், மறுநாள் மழை ஓய்ந்த நேரம் பார்த்து, அம்மாவையும் என்னையும் அப்பா வள்ளத்தில் ஏற்றினார். சாயங்காலம் அடக்கம் என்று சொல்லியிருந்தார்கள்.

"சாவு வீட்டுக்குச் சத்தத்தோட போகாத" என்பது எங்கள் பெரியவர்கள் வாக்கு. இறந்தவரின் ஊர்க் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் மோட்டாரை நிறுத்தி, செபம் சொல்லிவிட்டு, பிறகு மெதுவாகக் கரைக்குப் போவது வழக்கம். புன்னைக்காயல் கோபுரம் தெரிந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அந்தக் கலக்கத்தில் பெட்ரோலுக்குத் திருப்பாமலே நிறுத்திவிட்டார். செபம் முடிவதற்குள் தூறல் இறங்கி, கோபுரமும் கரையும் மறைந்துபோயின. அப்பா கயிற்றை இழுத்தார். மோட்டார் ஒரு தரம் செருமிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது.

அவர் பிளக்கைக் கழற்றினார். அம்மா தன் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தார். துடைத்து மாட்டி இழுத்தார். திருகாணியைத் தளர்த்தி உள்ளே கிடந்த மண்ணெண்ணெயை வடித்தார். பெட்ரோல் விட்டு இழுத்தார். ஆற்று வெள்ளம் கடலுக்குள் பாய்ந்து எங்களை வெளியே தள்ளியது. துடுப்பு அதற்கு முன்னால் நிற்கவில்லை. நங்கூரத்தைப் போட்டுவிட்டு மறுபடியும் இழுத்தார். கட்டி இழுக்க ஒரு வள்ளம் கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தோம். பெரியம்மாவுக்கு மரியாதையாக அன்றைக்கு ஊரில் யாருமே கடலுக்கு வரவில்லை.

அப்போதுதான் துக்க மணி கேட்டது. ஒன்று அடித்து, நெடுநேரம் விட்டு, இன்னொன்று.

"மணி அடிக்காவளே, அக்காவ எடுக்கப் போறாவ" என்றார் அம்மா. அப்பாவின் உள்ளங்கையில் தோல் உரிந்து கயிறு சிவந்திருந்தது. "நான் என்னளா செய்யட்டும்" என்று கேட்டுவிட்டு, கைக்குழந்தையிடம் கெஞ்சுவதுபோல மோட்டாரின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. பெரியவர்களுக்கும் வழி தெரியாமல் போகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சேலை நனையாமல் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

மணி நின்று வெகுநேரம் கழித்து, எதனால் என்று அப்பாவுக்குக் கடைசிவரை விளங்காத ஓர் இழுப்பில், மோட்டார் எடுத்தது.

நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள். பெரியப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மோட்டார் சத்தம் கேட்டுச்சு, அமலி. நின்னதும் நீங்கதான் செபம் சொல்லுதியன்னு பொட்டிய மூடாம வச்சிருந்தோம். சத்தம் திரும்ப வரவேயில்ல. யாரோ எவரோன்னு எடுத்துட்டோம்" என்றார். முந்தின நாள் இறந்த உடல். அவர்களும்தான் எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள். அம்மா என்னிடமிருந்து பையை வாங்கி, சேலையை உதறி, ஈரமண்ணின் மேல் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை விரித்தார். அப்பா கல்லறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இப்போது எங்கள் கரையில் மண்ணெண்ணெய் மோட்டார் அருகிவிட்டது. உடலை வைத்திருக்க ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது. "பாதி வழியில இருக்கோம்" என்று சொல்ல எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கோபுரம் கண்டதும் மோட்டாரை நிறுத்துகிற வழக்கத்தை அப்பா அன்றோடு விட்டார். பிறகு மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அம்மா இருக்கிறார். கடலில் எந்த வள்ளத்தின் சத்தமாவது நடுவில் நின்றுபோனால், ஆய்ந்துகொண்டிருக்கும் மீனை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றுகொள்வார். சத்தம் மறுபடியும் எடுக்கும்வரை, யார் கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள்; ஆனாலும் கையை லேசாக உயர்த்தி, "கொஞ்சம் பொறுங்க, வந்துகிட்டுதான் இருக்காவ" என்பார்.