அண்ணரின் தபாலட்டைகளும் நான் சொன்ன பொய்யும்

எங்கள் அண்ணர் கொடிகாமத்தில் பிறந்தவர். ஐயா காலமானபோது அவருக்கு வயது பத்தொன்பது, எனக்கு ஆறு. படிப்பை நிறுத்திவிட்டுப் புகையிரதத் திணைக்களத்தில் சேர்ந்தார். தெற்கே ஒரு சிறிய நிலையத்தில் அதிபராக இருந்தபோது எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரம் வந்தது. போட்டிருந்த உடுப்போடு தப்பி, அடுத்த வருடமே ரொறன்ரோவுக்கு வந்து, உணவகமொன்றில் கோப்பை கழுவி, என்னையும் இங்கே எடுப்பித்தார். தனக்கென்று ஒரு கலியாணம் செய்துகொள்ளவில்லை. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அண்ணரின் ஆண்டு நினைவு மலருக்கான இந்தக் கட்டுரையை எங்கள் தங்கச்சிதான் எழுதுவதாக இருந்தது. உங்களுக்குத் தெரியாததை எழுத வேண்டுமென்று நான் கேட்டு வாங்கினேன்.

பழைய சாமான் சந்தையில் அண்ணர் ஒருநாள் ஒரு படத் தபாலட்டை வாங்கினார். கனடாவின் மேற்கே, மலைகளுக்கு நடுவே ஒரு சுரங்க ஊர். வெள்ளி கிண்டியெடுக்க உண்டான ஊர், அதற்காகவே ரயிலும் அங்கே போனது. படம் எண்பது வருடத்துக்கு முந்தியது. பிறகு அந்த ஒரே ஊரின் அட்டைகளையே தேடித்தேடிச் சேர்த்தார். ஸ்ரேசன், சுரங்க வாசல், மரத்தாலான ஹோட்டல், பனியில் புதைந்த எஞ்சின். அவற்றை மேசையில் பரப்பி, எந்தப் பாதை எதிலே சேருகிறது என்று கடதாசியில் வரைந்து பார்ப்பார். ஒரு கைகாட்டி மரம் பிழையான இடத்தில் நிற்கிறதென்று அவருக்கு மெய்யாகவே கோபம் வரும். அந்த ஸ்ரேசன் மாஸ்டர் உயிரோடு இருந்திருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கும். ஹோட்டல்காரரின் பெயர் இருக்கிறது, எஞ்சினுக்கு இலக்கம் இருக்கிறது, தண்டவாளம் போட்ட சீனக் கூலியாட்களின் பெயர் மாத்திரம் ஒன்றிலும் இல்லையே என்று மனவருத்தப்படுவார். எனக்கு அதெல்லாம் குப்பையாகத் தெரிந்தது.

எனக்குக் கலியாணம் பேசியபோது, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியிலிருந்து பெண்வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். அண்ணர் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, பெண்ணின் தகப்பனாருக்கு, இப்போது என் மாமாவுக்கு, அட்டைகளைக் காட்டத் தொடங்கினார். மாமா முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அண்ணர் மிச்ச அட்டைகளை எடுக்க அறைக்குள் போனதும் நான் மாமாவின் பக்கம் குனிந்தேன்.

"குறை நினையாதேங்கோ அங்கிள். அண்ணைக்குக் கொஞ்சம் தலை சரியில்லை. பரம்பரையா ஒண்டுமில்லை, கலவரத்திலை பயந்தது."

அண்ணரின் புத்தியில் ஒரு குறையும் இருந்ததில்லை. சம்பந்தம் குழம்பக்கூடாதென்று பரம்பரையைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுமளவுக்கு என் புத்தி வேலை செய்தது. மாமா மிகவும் இரக்கப்பட்டார். அண்ணர் வெறுங்கையோடு திரும்பி வந்து, மேசையில் கிடந்த அட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்குக் கேட்டிருக்காது என்று என்னை நானே நம்பவைத்தேன்.

கலியாணத்துக்கு முன், தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கு வந்தது. ஐயாவின் ஸ்தானத்தில் அண்ணர்தான் முன்னுக்கு நிற்கவேண்டும். கூப்பிடப் போனேன்.

"நீ வேறை ஆரையும் கூப்பிடு ராசா. தலை சரியில்லாதவன் முன்னுக்கு நிண்டா உனக்குத்தான் மரியாதையில்லை."

கோபமே இல்லாமல் சொன்னார். அப்போதாவது நான் அவருடைய காலைப் பிடித்திருக்கலாம். ஒஷாவாவில் இருந்த தூரத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

பிறகு கதை தானாகவே பரவியது. சனங்கள் அண்ணரோடு சின்னப்பிள்ளையோடு கதைப்பதுபோலக் கதைத்தார்கள். என் மனைவி, பாவம், நான் சொன்னதை நம்பி, எங்கள் மகளை அவரோடு தனியே விடமாட்டாள். அண்ணர் அதையும் விளங்கிக்கொண்டு, நாங்கள் போனால் பிள்ளைக்குத் தூரத்தில் நின்றே சிரிப்புக் காட்டுவார். போன வருடம் மாரடைப்பில், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போய்விட்டார். செத்தவீட்டில் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, புத்தி பேதலித்திருந்தாலும் தங்கமான மனுசன் என்றார். அண்ணரின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு நான் ஓமென்று தலையாட்டினேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், வேலைக்கு லீவு போட்டு வந்தவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களிடம் இன்னுமொரு உதவி கேட்கிறேன். அண்ணருக்குத் தலை சரியில்லை என்று நீங்கள் யாருக்காவது சொல்லியிருந்தால், அது தம்பி சொன்ன பொய் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். என் மனைவியும் மாமாவும்கூட இந்த மலரைப் படித்துத்தான் அறியப்போகிறார்கள். நேரே சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.