மறுகால் பார்க்கப் போன கியர் சைக்கிள்

காலை ஆறு மணிக்கு அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் தொடங்கிவிட்டது. சைக்கிளை வாசலில் இறக்கி நிறுத்தியது என் வீட்டுக்காரர் முருகேசன். குனிந்து எதையும் தூக்கக் கூடாது என்று மதுரை டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர வெளியூர் எங்கும் நான் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஒரு குலுக்கலுக்கு இடுப்பிலிருந்து கால் விரல் வரை மின்னல் வெட்டும்.

முந்தின நாள் என் தங்கை பாண்டியம்மா போன் செய்திருந்தாள். அவள் நரிக்குடிக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள்.

"அக்கா, நம்ம கண்மா நெறஞ்சிருச்சு. காலையில மறுகா பாஞ்சிரும்னு சொல்றாக."

ஊர் ஏரியான கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கரையில் தாழ விட்டிருக்கும் கலுங்குக் கற்களின் மேல் வழிந்து ஓடுவதைத்தான் எங்கள் பக்கம் மறுகால் என்போம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரே ஒரு முறை பார்த்தது. பாண்டியம்மாவின் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

"சைக்கிள்ல போறேன்" என்றேன். முருகேசன் ஸ்கூட்டரின் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். பின்னாலேயே வருவார் என்று அர்த்தம்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு உரிமையாளர் நெசவுக்காரர். வீட்டுக்குள் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர் மகன் கல்லூரிக்கு ஓட்டிய பழைய மலைச் சைக்கிள் ஒன்று தறிக் கொட்டகையின் மூலையில் பஞ்சுத் தூசி படிந்து கிடந்தது. "எடுத்துக்கங்க, எடத்த அடைச்சிக்கிட்டு நிக்கிது" என்று கொடுத்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்ட முடிந்தால் சைக்கிள் நல்லது என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். என் இடது காலில் இன்னும் பலம் வரவில்லை; கியர் இருந்தால் மிதி லேசாக இருக்கும். தடித்த டயர் இருந்தால் குழி மேடு முதுகுக்கு ஏறாது.

ஆனால் அது குனிந்து வேகமாகப் பாய்கிறவனுக்குச் செய்த சைக்கிள். உட்கார்ந்தால் நெஞ்சு ஹேண்டிலின் மேல் போய்ப் படுக்கும். முருகேசன் தறி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்துப் போட்டார். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார், பேரிங் குண்டுகளை மாற்றிக் கிரீஸ் அடைத்தார், துருவேறி இறுகிப்போன ஹேண்டில் தண்டுக்குத் தினமும் எண்ணெய் விட்டார். அது அசைய ஒரு வாரம் ஆனது. நேரான கம்பியைக் கழற்றிவிட்டு, லேடீஸ் சைக்கிளின் பின்னோக்கி வளைந்த ஹேண்டிலை உயர்த்திப் பூட்டினோம். பழைய பிரேக் கம்பி எட்டவில்லை. புதிதாக நீளக் கம்பி போட்டோம். குமிழ் குமிழாகப் பட்டன் வைத்த டயர் போய், அதே தடிமனில் வழவழப்பான டயர் வந்தது. ஸ்பிரிங் வைத்த அகலமான சீட்டு, மட்கார்டு, கேரியர்.

முதல் ஓட்டத்தில் பந்தல்குடி ரோட்டில் கொஞ்ச தூரம் போவதற்குள் வலி வந்து இறங்கி நின்று அழுதேன். சீட்டின் மூக்கு கொஞ்சம் மேல் நோக்கி இருந்திருக்கிறது. அதைத் தட்டிச் சமமாக்கி, ஹேண்டிலை இன்னும் என் பக்கம் கொண்டுவந்த பிறகுதான் உடம்பு சைக்கிளில் பொருந்தி உட்கார்ந்தது. அன்று வலியில்லாமல் திரும்பி வந்து, நம்ப முடியாமல் இன்னொரு முறை போய்வந்தேன். அதற்குப் பிறகு தினமும் அதே ரோட்டில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தேன்.

ஏழரை மணிக்குத் திருச்சுழி. பதினைந்து கிலோமீட்டர் போல. மழைக்குப் பிந்தைய காற்று. இரண்டு பக்கமும் கரிசல் காடு கறுத்துப் பளபளத்தது. டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு டீ. என் இடுப்பு பெல்ட்டையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்த ஒருவர் கேட்டார்:

"கியரு சைக்கிளுக்கு இந்த ஹேண்டிலு எங்க புடிச்சீக?"

"எங்க வீட்டுக்காரரு போட்டாக."

"வெளையாட்டு வண்டிய வீட்டு வண்டியா மாத்திட்டாக" என்று சிரித்தார். முருகேசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

குண்டாற்றுப் பாலத்தில் ஜனங்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றார்கள். எந்நேரமும் மணலும் சீமைக்கருவேலும் கிடக்கிற ஆற்றில் செம்பழுப்பாகத் தண்ணீர் சுழித்துப் போனது. போனை நீட்டிப் படம் எடுத்தவர்கள் கூட எடுத்து முடித்த பிறகும் நகராமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நரிக்குடி ரோட்டில் வழிநெடுக ஆட்டுக் கூட்டம். மணி ஒன்பதரைக்கு எங்கள் ஊருக்குப் பிரிகிற மண்பாதையில் இறங்கினோம். இன்னும் மூன்று கிலோமீட்டர்தான். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

நனைந்த கரிசல் பிசைந்த மாவு போல. ஸ்கூட்டரின் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. தள்ளினால் பின் சக்கரம் இன்னும் புதைந்தது. என் சைக்கிளும் அப்படியே நின்றது. இறங்கி நடக்கலாம் என்றால் ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் ஒரு கட்டி மண் ஏறியது. பலமில்லாத கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"போதும் செல்வி, திரும்பிருவோம். ஆட்டோவுக்குச் சொல்றேன்" என்றார்.

நான் ஹேண்டிலை விடவில்லை. வெகு தூரத்தில் லாரி போவது போல ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் லாரி போகிற ரோடே கிடையாது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். "அது மறுகாச் சத்தம்தான் தாயி. வெடியக்காலையில இருந்து பாயுது. இப்பிடிக் குறுக்க வெட்டி, கண்மாக் கர மேல ஏறிப் போயிரு. மேல சரளக் கல்லுதான், ஒட்டாது."

"இவளால தூக்க முடியாதும்மா, முதுகுல ஆப்பரேசன்" என்றார் முருகேசன்.

"அவளத் தூக்கச் சொல்லல. நாம தூக்குவோம், வாங்க."

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் திரும்புவதாக இல்லை. டூல் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, சைக்கிளில் அவரே ஆசையாகப் பூட்டிய மட்கார்டு இரண்டையும் கழற்றினார். மலைச் சைக்கிளுக்கு டயருக்கு மேல் இடைவெளி தாராளம். குச்சியால் மண்ணைத் தள்ளியதும் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. இரண்டு பேருமாக அதைக் கரை மேல் ஏற்றினார்கள். நான் அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"முன்னால போ. வண்டிய ஒரு வழி பண்ணிட்டு வாரேன்" என்றார் முருகேசன். ஆப்பரேசனுக்குப் பிறகு அவர் என்னைத் தனியாக விட்டது அதுதான் முதல் தடவை.

கரை மேல் நின்று பார்த்தேன். பல வருடமாக வெடித்த மண்ணாகவே நான் பார்த்த கண்மாய், அடிவானம் வரை தண்ணீர். கருவேல மரங்கள் கழுத்தளவு மூழ்கி நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் பள்ளத்தில் நெல் வயல். நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குச் செஞ்சரளைப் பாதை. சின்னக் கியரில் போட்டு மிதித்தேன். தண்ணீரின் மேல் வந்த காற்று முகத்தில் அடித்தது. முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்து, கலுங்கில் போய் முடிந்தது. கற்களின் மேல் கண்மாய் அகலமாக, வெள்ளையாக உடைந்து விழுந்துகொண்டிருந்தது. ஊரே அங்கே நின்றது. மஞ்சளும் பூவும் வைத்திருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து பாண்டியம்மா திரும்பினாள். ஒரு கணம் என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.

"அக்கா! எதுல வந்தெ?"

சைக்கிளைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீரைத் தொட எனக்கு ஆசை. குனிய முடியாது. நான் கேட்காமலேயே பாண்டியம்மா இறங்கி இரண்டு கையிலும் அள்ளிவந்து என் பாதத்தில் ஊற்றினாள். சில்லென்றிருந்தது. மறுபடி போய் அள்ளிவந்தாள்.

முழங்கால் வரை சேறோடு முருகேசன் வந்து சேர்ந்தார். கலுங்கைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இவ்வளவு தண்ணி எங்க போகுது?" என்று என்னிடம் கேட்டார்.

"அடுத்த கண்மாய்க்கு" என்றேன்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கு அடுத்த கண்மாய்க்கு."

அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டரை ஒரு டிராக்டர் இழுத்துவந்தது. இரவு தங்கையின் வீட்டில் தங்கினோம். காலையில் தங்கையின் வீட்டுக்காரர், சைக்கிளை லோடு வண்டியில் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டார். முருகேசன்தான் எனக்கு முந்திக்கொண்டு, "வேண்டாம், அவ ஓட்டிக்கிருவா" என்றார்.

ஊர் எல்லை வரை பாண்டியம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்தாள். அவளுக்குக் கையை விட மனமில்லை.

"இனி எப்ப மழ பெஞ்சு, எப்ப மறுகா பாயுமோ? நீ எப்ப வரப் போற?"

அருப்புக்கோட்டையில் குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்குக் காத்திருந்து பழகியவள் நான். காத்திருந்தே ஒரு வருடத்தையும் கழித்துவிட்டேன். மிதியில் காலை வைத்தேன்.

"பெஞ்சாலும் பெய்யாட்டாலும், மாசத்துக்கு ஒருக்கா வாரேன்டி" என்றேன்.

அவள் கேரியரை விட்டாள்.