எரியறது கிடக்கட்டும், தேதியச் சொல்லுங்க

வேலைக்குப் போன வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் மாடிவீட்டு அம்மா குசலமெல்லாம் விசாரிக்க மாட்டார். செருப்பை உதறிவிட்டு நேரே ஏசிக் காற்று வரும் தட்டிக்கு முன்னால் போய் நின்று மூக்கைத் தூக்குவார். இரண்டு முறை முகர்வார். "காயாத துணி வாடை வருதே, ஏசிக்குள்ள இருக்கற லைட்ட எப்ப மாத்துனீங்க?" வீட்டுக்காரர் பெருமையாக, "அது பாட்டுக்கு நீலமா எரியுதே!" என்று சொல்லிவிட்டால் போச்சு. "எரியறது கிடக்கட்டும், தேதியச் சொல்லுங்க!"

அவருக்குத் 'தேதி அக்கா' என்று பெயர் வந்தது இப்படித்தான். வீடுகளின் ஏசிப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கு பொருத்துவது தொழில். உள்ளே காற்றைக் குளிராக்கும், எந்நேரமும் ஈரமாக இருக்கும் குழாய்ச் சுருளில் பூஞ்சை பிடிக்கும். அதன்மேல் இந்த வெளிச்சம் விழுந்துகொண்டே இருந்தால் பிடிக்காது, சங்கதி அவ்வளவுதான். ஆனால் ஒரு வருடத்தில் விளக்கின் சத்து போய்விடும். நீலம் மட்டும் மிச்சமிருக்கும். "ஆபீசுக்கு வந்து ஃபேனுக்கு அடியில தூங்குற ஆளு மாதிரி சார். ஆளு இருப்பாரு, வேலை நடக்காது."

விளக்கை வெறுங்கையால் தொட மாட்டார். விரலின் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டக்கூடாதாம். வெள்ளைக் கையுறையோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசும்போது நடுத்தெருவில் போக்குவரத்தை நிறுத்துகிறவர் போல இருக்கும். மின்சாரத்தை அணைக்காமல் பெட்டியைத் திறக்க மாட்டார். எட்டிப் பார்க்க வருகிறவர்களை, "கண்ணு ரெண்டும் வேணும்ல? தள்ளிப் போங்க!" என்று விரட்டுவார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் போன மாதம் வம்பு வந்தது. கூடவே இருக்கும் மாமனார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், விடாமல் இருமினார். நெஞ்சில் ஒன்றுமில்லை, படுக்கும் அறையைக் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்ல, அக்கா கொதித்துப்போனார். "என் வீட்டுக் காத்துல கோளாறா?" மாமனார் சண்டை போடவில்லை. "பெரியவன் வீட்டுக்குப் போறேன் அம்மாடி. அங்க ஜன்னலாவது திறந்திருக்கும்" என்று பையைக் கட்டிவிட்டார். வியாழக்கிழமை கார் வருவதாக ஏற்பாடு. அக்காவின் கணவர் வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டார்.

பெற்றவர்கள் இல்லாத அக்காவை 'அம்மாடி' என்று கூப்பிட இருப்பது அந்த ஒரு வாய்தான். படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் அழுதே விட்டார். "அவரு போயிட்டா வீடு வீடாவா இருக்கும் சார்?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உங்க வீட்டு லைட்டுக்குத் தேதி என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

முறைத்தார். "எனக்கேவா? தினம் பாக்குறேன், ஜம்முனு எரியு..." சொல்ல வந்த வாய் அப்படியே நின்றது. அடுத்த நொடி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன். பெட்டி மூடியில் அவர் கையாலேயே எழுதிய தேதி இருந்தது: விளக்கு போட்டு இரண்டு வருடம், எட்டு மாதம் ஆகியிருந்தது. உள்ளே சுருள் முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை.

"ஐயையோ, ஊரையே தேதி கேட்டு விரட்டுனேனே சார்!" தலையில் அடித்துக்கொண்டார், அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அன்றைக்கே சுருளைக் கழுவி, வடிகட்டியை மாற்றி, புது விளக்கைப் போட்டார். பிறகு மாமனார் முன்னால் போய் நின்றார். "மாமா, தப்பு என்மேலதான். வியாழக்கிழமை வரைக்கும் படுத்துப் பாருங்க."

"பாப்போம், பாப்போம்" என்றார் மாமனார். பையை அவிழ்க்கவில்லை.

வியாழன் காலை கார் வந்தது. மூத்த மகன் மேலே ஏறி வந்து, வாசலோரம் இருந்த பையில் கை வைத்தார். என்ன நடக்கிறதென்று பார்க்க நானும் பால் பாக்கெட்டோடு அங்கே நின்றேன், வெட்கமில்லாமல்.

"விடுடா அதை" என்றார் பெரியவர். "மூணு நாளா இருமலையே காணோம். நான் எதுக்கு வரணும்? உக்காரு, டீ குடி."

அக்கா பாய்ந்து வந்து மூத்த மகன் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கி, உள்ளே கொண்டுபோய், மாமனாரின் கட்டில்மேல் தலைகீழாகக் கவிழ்த்தார்.