பாகற்காய் டிசைனில் விழுந்த கோடு

என் தங்கச்சியைப் பட்டறையில் பிள்ளைப்பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக்கு அச்சடிக்கும் பட்டறை அது. அச்சாகி வரும் துணியைச் சரிபார்க்கிறவள் நான். அவள் டிரேசிங் மேசையில் உட்கார்ந்து அடுத்தவர் வரைந்த டிசைனை நகலெடுக்கிறவள். அதட்டினால் அழுதுவிடுவாள். ஆனால் காய்கறியைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பித்துப் பிடித்துவிடும். பாகற்காயைக் குறுக்கே வெட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "சமைக்கப் போறியா, படம் போடப் போறியா? பசி உயிர் போகுது" என்று அவள் வீட்டுக்காரர் கத்தாத நாளில்லை.

அந்தப் பாகற்காய் வில்லைகளைத்தான் கடைசியில் வரைந்து முதலாளியிடம் நீட்டினாள். அவர் வேண்டாவெறுப்பாக அதை அச்சடிக்க ஸ்க்ரீன் போடச் சொன்னார். "துணி வாங்குற பார்ட்டிக்குப் பிடிச்சா உண்டு. இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு டிரேசிங்கைப் பாரு. இன்னொரு தடவை டிசைன் கிசைன்னு வந்து நிக்கக் கூடாது" என்றார்.

வாங்குகிற பார்ட்டி வரவிருந்த அன்று காலையில் முதல் துணியை அடித்துத் தொங்கவிட்டார்கள். கிட்டத்தில் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாக அழகு அள்ளிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தள்ளிப் போய் நின்று பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை, சாய்வாக, வெள்ளையாக ஒரு கோடு ஓடியது.

ஒரே துண்டு டிசைன்தான் துணி முழுக்க, படிப்படியாக இறங்கி, திரும்பத் திரும்ப விழுகிறது. தாளின் ஓரத்தில் ஒரு விரல் இடம் காலியாக விட்டால், துணியில் அது சாய்வாக ஓடும் தெரு மாதிரி ஆகிவிடும். படத்தைச் சுவரில் ஒட்டி எட்ட நின்று பார்க்காமல், மேசை மேலேயே குனிந்து வரைந்து முடித்திருக்கிறாள். எல்லாம் டிரேசிங் பழக்கம்!

"போச்சுக்கா" என்றாள் தங்கச்சி.

"மடிப்பு வெச்சுத் தொங்கவிடலாம்டி. கோடு உள்ளே போயிடும்."

"வாங்க வர்ற அந்தம்மா பிரிச்சுத்தான் பார்ப்பாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்தமாக ஒரு டிசைன் போட இத்தனை வருஷம் தவம் கிடந்துவிட்டு, இதைக் கூடவா பார்க்க மாட்டாள்! திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள், பட்டறை வாட்ச்மேன் தன் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த காய்ப் பையை அவள் அவிழ்த்துவிட்டாள்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் சின்னப் பூ மாதிரி இருக்கும். அதைச் சாயத்தில் ஒற்றிக் கோட்டின் மேல் வைத்தாள். சாயம் துணியில் பட்டால் பட்டதுதான். ஒன்று வழுக்கினாலும் துணி பாழ். நான் வெட்டி வெட்டி, வழவழப்பைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

"வீட்டுக்கு வாங்கினதும்மா!" என்று வாட்ச்மேன் புலம்பினார்.

"உங்க வீட்ல இன்னிக்குப் பட்டினி, போங்க!" என்றேன்.

ஒரு பூகூட வழுக்கவில்லை. கடைசிப் பூவை வைத்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

காரிலிருந்து இறங்கி வந்த அந்த அம்மா, துணியைப் பார்த்தபடியே எதிர்ச் சுவர்வரை பின்னால் போய் நின்றார்.

"பாகற்காய் சுமார்தான். அந்தச் சின்னப் பூ சாய்வா ஓடுது பாருங்க, அது அழகு. யார் யோசனை?"

"எல்லாம் நம்ம யோசனைதாங்க" என்று முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பூ எப்போது முளைத்தது என்றே அவருக்குத் தெரியாது!

"அது ஸ்க்ரீன்ல இல்லீங்க" என்றாள் பிள்ளைப்பூச்சி. நான் அவள் கையைக் கிள்ளினேன். நிறுத்தவில்லை. "என் டிசைன்ல கோடு விழுந்துடுச்சு. அதை மறைக்க இப்பத்தான் வெண்டைக்காயை வெட்டிக் கையால வெச்சேன். இதே மாதிரி நிறைய கேட்டீங்கன்னா இந்த ஸ்க்ரீன்ல வராது."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா துணியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சாயம் ஒட்டியது.

"பூவையும் ஸ்க்ரீன்ல ஏத்தி அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார் கிளம்பியதுதான் தாமதம், முதலாளி பாய்ந்தார். "உன்னை யாரு வாயைத் திறக்கச் சொன்னது?"

"கோடும் நான் போட்டதுதாங்க, பூவும் நான் போட்டதுதான். யாரோடதுன்னு அவங்க கேட்டாங்க, சொன்னேன்."

அவரும் எதிர்ச் சுவர்வரை போய் நின்று துணியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டிரேசிங்குக்கு வேற ஆள் தெரிஞ்சா சொல்லு" என்றுவிட்டு ரூமுக்குள் போனார்.

தங்கச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "வேலை போச்சாக்கா?"

"அடி மண்டு! அப்புறம் பூவை யாருடி வரையறது? உன்னை டிசைன் போடச் சொல்லிட்டுப் போறாருடி!" என்று கத்தினேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது.