உம்மாவின் நெஞ்சுக்குள் போன பல் உறை

அந்தப் பல் டொக்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்தம் முடிந்து, ரோட்டுக்குக் கார்ப்பெட் தார் போட்டு, ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் ஓடத் தொடங்கிய காலத்தில்தான் அவர் எங்கள் பக்கம் வந்தார். கண்ணாடிக் கதவு, ஏசி, மெத்தை வைத்த கதிரை. உம்மாவின் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட அவர் கொடுத்த நாள் நோன்பு மாதத்தில் விழுந்தது. பெருநாள் கழித்து வருகிறோம் என்றேன். சின்ன வேலைதானே, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

உம்மாவுக்குப் பல்லைவிட நோன்பு பெரிது. ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே இறங்கிவிடக் கூடாதென்று தொண்டையை இறுக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கிடந்தார். உறை டொக்டரின் விரலிலிருந்து வழுக்கியது. விழுங்கவே மாட்டேன் என்று கிடந்த மனுசி, பயத்தில் ஒரேயடியாக மூச்சை இழுத்தார். பிறகு வந்த இருமலில் கண் சிவந்து முகம் கறுத்துப் போயிற்று. நான் பார்த்தேன். என்னைவிடக் கிட்ட நின்று டொக்டரும் பார்த்தார்.

"வயித்துக்குத்தான் போயிருக்கு. தானா வெளிய போயிரும்" என்றார்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். தேவையே இல்லையாம். இருமல் அடங்கியதும் உம்மா கேட்ட முதல் கேள்வி, நோன்பு முறிந்துவிட்டதா என்பது. டொக்டருக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. அதை மௌலவியிடம் கேளுங்கள் என்று சிரித்துக்கொண்டே எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

வீட்டில் அதற்கு மேல். நோன்பு முறிந்துவிட்டது, இன்னொரு நாள் பிடித்துக் கழாச் செய்ய வேண்டும் என்றார் மாமா. வேண்டுமென்று விழுங்கவில்லையே, முறியாது என்றார் மச்சான். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை அதே இழுபறி. மறுபடி இருமத் தொடங்கியிருந்த உம்மாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருமல் நிற்காமல் போனபோது நோன்பு திறக்கக் குடித்த ஐஸ் சர்பத்தின் மேல் பழி விழுந்தது. நான் மறுபடியும் டொக்டரிடம் ஓடினேன். கருவாட்டுத் தூசு, வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து, வயசு என்று அடுக்கினார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பெருநாளுக்குள் காய்ச்சல் கொதிக்கத் தொடங்கியது. புத்தளம் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். வலது பக்க நுரையீரலில் உறை வெள்ளையாகத் தெரிந்தது. கொழும்புக்குக் கொண்டுபோனோம். சுற்றிச் சீழ் பிடித்திருந்ததால் நுரையீரலில் ஒரு துண்டையும் சேர்த்து வெட்டித்தான் அதை எடுத்தார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று டொக்டர் கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். கிளினிக் புதிது, எக்ஸ்ரேவுக்கு அனுப்பினால் ஊரில் கதை பரவிவிடும் என்று பயந்துவிட்டேன் என்றார். அப்படியென்றால் நெஞ்சுக்குள் போயிருக்கலாம் என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்திருக்கிறார்.

பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். உம்மா பொறுத்துக்கொண்டார். பிறகு டொக்டர் என் பக்கம் கையை நீட்டினார். நான் அசையவில்லை.

"பெருநாளும் அதுவுமா கோவம்..." என்று தொடங்கிய உம்மாவுக்கு மூச்சு முட்டியது. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, கொஞ்சம் ஆறித்தான் மீதியைச் சொன்னார். "வேணாம் மகன். கையக் குடுங்க."

"ஒங்கட மூச்ச முதல்ல தரச் சொல்லுங்க உம்மா" என்றேன். "பொறகு குடுக்குறேன்."