கரைக்கு வந்த பிறகு வந்த மெசேஜ்

மூதூர் ரஹீம் நானாவின் மீன்பிடிப் படகுக்கு அந்தச் சின்னக் கருவியைச் செய்து கொடுத்தவள் நான்தான். படகுக்குள் தண்ணீர் ஏறினால் அது என் போனுக்கு மெசேஜ் அனுப்பும், பிறகு தண்ணீரை இறைக்கும் பம்பை ஓடவிடும். திருகோணமலையில் என் கடை மேசையில், வாளித் தண்ணீரில் பலமுறை சோதித்தேன். ஒருதரமும் தவறவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நானா நனைந்த சாரத்தோடு கடைக்கு வந்தார்.

"பம்ப் ஓடல்ல தங்கச்சி. நானும் மச்சானும் வாளியால அள்ளி அள்ளித்தான் கரை சேந்தம்."

கருவியை வாளிக்குள் வைத்தேன். பம்ப் உடனே ஓடியது.

"இங்க ஓடுதே நானா," என்றேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயரைக் குறை சொன்னேன், உப்பைக் குறை சொன்னேன். கடைசியில் போனைப் பார்த்தேன். 'படகில் தண்ணீர்' என்ற மெசேஜ், அவர்கள் கரை சேர்ந்த நேரத்தில் வந்திருந்தது.

குடாவுக்கு வெளியே சிக்னல் இல்லை. மெசேஜ் போகும்வரை கருவி அப்படியே காத்து நின்றிருக்கிறது. நான் எழுதிய புரோகிராமில் பம்ப் அதற்கு அடுத்த வரியில் இருந்தது. அதை நானாவிடம் சொன்னேன்.

"தண்ணி என்ட காலடியில. அது ஏன் முதல்ல உங்களத் தேடினது?" என்று நானா கேட்டார். கோபத்தில் அல்ல, விளங்காமல்தான் கேட்டார்.

வரிகளை மாற்றிப் போட இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. தண்ணீரில் நிற்கிறவரை விட்டுவிட்டு, கடையில் இருக்கும் எனக்கு முதலில் சொல்ல ஏன் எழுதினேன் என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.